குடியிருப்பவரை எழுப்பிவிட்டு வீட்டை நாள் வாடகைக்கு விடலாமா?

கடலோர வீட்டுக்காரர் கேட்டது:

புதுச்சேரி குருசுக்குப்பத்தில் என் தந்தை கட்டிய மாடி வீடு ஒன்று இருக்கிறது. வேலை காரணமாக நான் கோயம்புத்தூரிலேயே தங்கிவிட்டேன். கீழ்த் தளத்தில் ஓர் ஆசிரியையின் குடும்பம் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறது; மேல் தளத்தை, நாங்கள் ஊருக்கு வரும்போது தங்குவதற்காகப் பூட்டியே வைத்திருக்கிறோம். கீழ்த் தளத்தின் வாடகை மாதம் 14,000 ரூபாய். இதுவரை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போனதில்லை. என் தந்தை கடைசியாக நோயுற்றுக் கிடந்த வாரத்தில், நாங்கள் போய்ச் சேரும்வரை இரவில் விழித்திருந்து பார்த்துக்கொண்டவர்களும் அவர்கள்தாம்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் வீதியில் ஏற்கெனவே நாள் வாடகை வீடுகள் நான்கைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் வந்து பேசினார். கீழ்த் தளத்துக்கு வெள்ளை அடித்து, இரண்டு ஏசியும் பிரம்பு நாற்காலிகளும் போட்டு, ஏர்பிஎன்பி போன்ற நாள் வாடகைச் செயலியில் ஏற்றினால், வார இறுதியில் ஓர் இரவுக்கு 3,500 ரூபாய் நிச்சயம் என்கிறார். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஒயிட் டவுன் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் போதுமாம். சாவி கொடுப்பதிலிருந்து விரிப்பு மாற்றுவதுவரை எல்லாம் அவர் பொறுப்பு. வரும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு. நான் கோயம்புத்தூரை விட்டு அசையவே வேண்டாம்.

தயங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து அவர், “இது வியாபாரமே இல்லை சார், இருப்பதைப் பகிர்ந்துகொள்வதுதான், உலகம் முழுக்க இதைப் பகிர்வுப் பொருளாதாரம் என்றுதான் சொல்கிறார்கள்” என்றார். அந்தச் சொல்தான் என்னை உறுத்துகிறது. யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டை நாங்கள் இத்தனை காலமும் பகிர்ந்துகொண்டிருப்பது ஆசிரியையின் குடும்பத்தோடுதானே. அவர்களுடைய இளைய மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. என் மகளுக்கோ அடுத்த ஆண்டு கல்லூரி. பணம் தேவையில்லை என்று நடிக்க என்னால் முடியாது.

சட்டப்படி காலி செய்யச் சொல்ல முடியுமா என்பது என் கேள்வியன்று. சொல்வது முறையா என்பதுதான்.


முத்தியால்பேட்டைக்காரர் எழுதியது:

ஐயா, முறையா இல்லையா என்பதைப் பிறகு பார்ப்போம். அடுத்த வீட்டில் இருப்பவனுக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களிடம் பேசிய அந்த மனிதர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

எங்கள் பக்கத்து வீடு இரண்டு ஆண்டுகளாக நாள் வாடகை வீடு. உரிமையாளர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் எண் பூட்டுப் போட்ட சின்னச் சாவிப் பெட்டி ஒன்று தொங்குகிறது. வருகிறவர்கள் எண்ணைத் திருகிச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வண்டியை விட்டிறங்கி, கைப்பேசி வெளிச்சத்தில் எண் சரியாகத் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் யாருடைய அழைப்பு மணியை அடிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? அந்த வீட்டில் ஆள் இல்லை. எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது. என் மனைவி எழுந்துபோய் அந்தப் பெட்டியைத் திறந்துகொடுக்கும் அளவுக்கு அந்த எண் எங்களுக்கு மனப்பாடமாகிவிட்டது. வீதியில் பாதிப் பேருக்குத் தெரிந்த எண்ணை வைத்துப் பூட்டுவதில் என்ன பாதுகாப்பு என்று கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இல்லை.

மோட்டார் கதை தனி. வார இறுதியில் எட்டுப் பேர் தங்கினால் மாடித் தொட்டி காலையிலேயே காலியாகிவிடும்; கடற்கரை மணலோடு வருகிறவர்கள் அதைத் தண்ணீரில்தானே கழுவ வேண்டும். ஆழ்துளைக் கிணற்றில் உப்பேறிக்கொண்டிருக்கும் ஊரில், ஒரு குடும்பத்துக்கென்று போட்ட இணைப்பில் ஒரு சிறு விடுதியே குளிக்கிறது.

ஆனால் என்னை உண்மையிலேயே சினமூட்டியது வேறொன்று. மாசிமகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரையில் நடக்கும் தீர்த்தவாரிக்குச் சுற்று வட்டாரத்துச் சாமிகள் எல்லாம் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று அந்த வீட்டில் தங்கியிருந்த யாரோ, “விடியற்காலையிலிருந்தே தாங்க முடியாத சத்தம்” என்று செயலியில் இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டார்களாம். அடுத்த வாரம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பையன் வந்து, கோயில் ஒலிபெருக்கியை அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்ல முடியுமா என்று எங்களிடம் கேட்டான். அவனைக் குறை சொல்வதற்கில்லை, அவனுக்குச் சம்பளம் கொடுப்பதே அந்த நட்சத்திரங்கள்தாம். ஆனாலும் எங்கள் வீதி எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று மதிப்பெண் போடும் உரிமையை யாரிடமும் நாங்கள் கொடுத்ததாக நினைவில்லை.

வருமானத்தில் எங்களுக்குப் பங்கு கிடையாது, கேட்கவும் இல்லை. தொல்லையை மட்டும் வீதி முழுவதும் பகிர்ந்துகொள்கிறோம்.


வரைபடம் எழுதியது:

நகரமைப்புத் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன் என்பதால் இதைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க விரும்புகிறேன்.

2007 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வடிவமைப்பு மாநாடு நடந்தது. விடுதிகளில் இடம் கிடைக்கவில்லை. அங்கே வாடகை வீட்டில் இருந்த பிரையன் செஸ்கி, ஜோ கெபியா என்ற இரண்டு இளைஞர்களுக்கு அந்த மாத வாடகை கட்டவே பணம் போதவில்லை. வரவேற்பறையில் காற்றடைத்த மெத்தைகள் மூன்றைப் போட்டு, காலை உணவும் தருவதாகச் சொல்லி மூன்று பேரைத் தங்க வைத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் இந்தியர் என்பது ஒரு கொசுறுச் செய்தி. அதிலிருந்து அவர்கள் தொடங்கிய ஏர்பிஎன்பி செயலியின் பெயரில் இருக்கும் ஏர், அந்த மெத்தைக் காற்றுதான். இங்கே கவனிக்க வேண்டியது, விருந்தினர் படுத்திருந்தபோது வீட்டுக்காரர்களும் அதே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதும், யாரையும் வெளியேற்றி அந்த இடம் உண்டாக்கப்படவில்லை என்பதும். அதற்குப் பகிர்வு என்று பெயர் வைத்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். பெயர் அன்றைக்கு வைத்தது, தொழில்தான் மாறிவிட்டது.

எப்படி மாறியது என்பதற்கு பார்சிலோனாவைப் பாருங்கள். அந்நகர மேயர் ஜௌமே கொல்போனி, சுற்றுலா அடுக்ககங்களுக்கு வழங்கப்பட்டிருக்கும் 10,101 உரிமங்களில் ஒன்றையும் புதுப்பிக்கப் போவதில்லை, 2028 நவம்பருக்குள் அவை அனைத்தும் இல்லாமல் போகும் என்று 2024 ஜூனில் அறிவித்தார். பத்து ஆண்டுகளில் வாடகை 68 விழுக்காடு ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

இந்த இடத்தில் நான் நேர்மையாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பார்சிலோனாவைப் பற்றி 2020-இல் வெளியான பொருளியல் ஆய்வு ஒன்று, இத்தகைய வீடுகளால் நகரத்தின் சராசரிப் பகுதியில் வாடகை 1.9 விழுக்காடு மட்டுமே உயர்ந்தது என்றும், அவை மிக நெருக்கமாக இருக்கும் பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் 7 விழுக்காடு உயர்ந்தது என்றும் கணக்கிட்டது. அந்த ஆய்வு பார்த்த ஆண்டுகளும் மேயர் சொன்ன ஆண்டுகளும் ஒன்றல்ல என்றாலும், 68-க்கும் 7-க்கும் இடையே இருக்கும் தூரம் பெரிது. ஆகவே வாடகை ஏற்றத்துக்கெல்லாம் செயலிதான் காரணம் என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. வீடு போதாமல் கட்டப்படுவதும், இருக்கும் வீடு பூட்டிக் கிடப்பதும் (உங்கள் மேல் தளத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மன்னிக்கவும்) அதைவிடப் பெரிய காரணங்கள். ஆனால் அந்த 7 விழுக்காடு ஊர் முழுவதும் பரவலாக விழுவதில்லை. கடலுக்கும் பழைய நகருக்கும் பக்கத்தில் இருக்கும் ஒருசில வீதிகளின் தலையில்தான் விழுகிறது. குருசுக்குப்பம் அப்படிப்பட்ட இடம்.

நியூயார்க் வேறு வழியில் போனது. 2023 செப்டம்பரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதியின்படி, 30 நாளுக்குக் குறைவாகத் தங்குவதற்கு ஆள் வைத்தால், வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது, நகரத்தில் பதிவும் செய்திருக்க வேண்டும். அதனால் அங்கே வாடகை மளமளவென்று இறங்கிவிட்டதா என்றால் இல்லை. ஆனாலும் அந்த விதியைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது, 2007-இல் அந்த இருவர் தம் வரவேற்பறையில் செய்ததை ஏறக்குறைய அப்படியே நியூயார்க் அனுமதிக்கிறது, பின்னால் அது என்னவாக வளர்ந்ததோ அதைத்தான் தடுக்கிறது என்பதே.

உங்கள் கேள்விக்கு என் விடை இதிலிருந்தே கிளம்புகிறது. நீங்கள் அந்த வீட்டில் இல்லை. எனவே உங்களிடம் பகிர்வதற்கு ஒன்றும் இல்லை. இருப்பது ஒரு விடுதி நடத்தும் வாய்ப்பு. விடுதி நடத்துவது பாவமில்லை, ஆனால் அதை விடுதி என்றே சொல்லி, விடுதிக்கு உரிய பொறுப்புகளோடு நடத்துங்கள்.


இரண்டு அறை எழுதியது:

மேலே எழுதியவர்கள் என்னைப் போன்றவர்களையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடுவார்களோ என்ற அச்சத்தில் எழுதுகிறேன். நானும் புதுச்சேரியில்தான், வீட்டின் பின்கட்டில் இரண்டு அறைகளை ஏழு ஆண்டுகளாக நாள் வாடகைக்கு விடுகிறேன். கணவர் இறந்த பிறகு எனக்கு வருமானம் அதுதான். பேச்சுத் துணையும் ஒருவகையில் அதுதான். காலையில் நான் வார்க்கும் தோசையைத் தின்றுவிட்டு இன்னமும் புத்தாண்டுக்கு வாழ்த்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் இல்லத் தங்கல் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். ஓர் அறை முதல் ஆறு அறைவரை விடலாம். தங்கம், வெள்ளி என்று இரு தரங்களில் சான்று தருகிறார்கள். ஆனால் உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டிலேயே வசிக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரப் படிவத்தை அரசுத் தளத்தில் பதிவேற்ற வேண்டும். இரவு பதினொன்றுக்கு வந்திறங்கும் பிரெஞ்சுக்காரரின் கடவுச்சீட்டையும் விசாவையும் வாங்கி, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நான் நிரப்புகிறேன். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நீங்கள் எப்படி நிரப்புவீர்கள்? சாவிப் பெட்டியா நிரப்பும்?

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆசை காட்டியவர் நல்ல மாதத்தை மட்டும் காட்டியிருப்பார். மாதத்தில் எட்டு வார இறுதி இரவுகளும் நிறைந்தால் 28,000. அதில் ஐந்தில் ஒன்று அவருக்குப் போனால் 22,400. செயலியின் கட்டணம், மின்சாரம், சலவை, துப்புரவு, உடைந்த கண்ணாடி டம்ளர், பழுதான கீசர் எல்லாம் இதற்குள்தான். இப்போது கைக்கு வரும் 14,000-ஐக் கழித்துப் பாருங்கள். மழைக்காலத்தில் புயல் எச்சரிக்கை ஒன்று வந்தால் போதும், முன்பதிவுகள் ஒரே மாலையில் காலியாகும். இரண்டு ஏசிக்கும் வெள்ளை அடிப்பதற்கும் போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அறத்துக்கு வாருங்கள். சில நேரம் கணக்குச் சரியாகப் போட்டாலே அறத்தை அவ்வளவு தொல்லைப்படுத்த வேண்டியிருக்காது.

இன்னொன்று. ஆசிரியைக்கு ஒன்பது ஆண்டில் நீங்கள் எவ்வளவு வாடகை ஏற்றியிருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நியாயமாக ஏற்றிக் கேட்பதற்குக் கூச்சப்பட்டுக்கொண்டு, அந்தக் கூச்சத்தின் முடிவில் ஒரே அடியாகக் காலி செய்யச் சொல்கிற வீட்டுக்காரர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


வெண்விரிப்பு எழுதியது:

எல்லோரும் வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் குடியிருப்பவரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். “துப்புரவு” என்று ஒரு சொல் போகிற போக்கில் வந்து போனது. என் அம்மா அந்தத் துப்புரவைத்தான் செய்கிறார்.

ஐந்து வீடுகள். பகல் பதினொரு மணிக்குக் காலி செய்வார்கள், ஒரு மணிக்கு அடுத்தவர்கள் வருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் விரிப்புகளை உருவி, கழிப்பறை கழுவி, மணலைக் கூட்டி, பீர் பாட்டில்களை எடுத்துப் போட்டு, துண்டுகளை அன்னம்போல மடித்துக் கட்டிலின் மேல் வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து வீடுகளும் ஒரே நேரத்தில் காலியாகும்; அதனால் என்னையும் கூப்பிட்டுக்கொள்வார். அன்னம் மடிப்பதில் நான் தேர்ந்தவள். கூலி வீட்டுக்கு இவ்வளவு என்று உண்டு, ஆள் வந்த நாளுக்கு மட்டும். ஒருமுறை குளியலறையில் ஒரு தலைமுடி கிடந்ததாக விருந்தினர் படம் எடுத்துப் போட்டுவிட்டார் என்று அந்த வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

ஊபர் ஓட்டுநர்கள் தனித் தொழில் செய்பவர்கள் அல்லர், தொழிலாளர் உரிமைகளுக்கு உரியவர்கள் என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைக் கல்லூரியில் படித்தோம். நம் நாட்டிலும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழியாக வேலை செய்வோரைத் தனியாக வரையறுத்து, அவர்களுக்கான நிதிக்கு நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு செலுத்த வேண்டும் என்கிறது. படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பிறகு யோசித்தேன்: என் அம்மாவின் பெயர் எந்தச் செயலியிலும் இல்லை. செயலிக்குத் தெரிந்தவர் வீட்டுக்காரர். வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் மேலாளர். மேலாளரின் கைப்பேசியில்தான் அம்மாவின் எண் இருக்கிறது. வண்டி ஓட்டுகிறவருக்கு நாளைக்கு ஏதாவது கிடைத்தாலும் விரிப்பு மாற்றுகிறவருக்குக் கிடைக்க வழியில்லை.

அந்த வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டு வேலைக்குப் போனபோது கிடைத்ததைவிட இதில் அம்மாவுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கிறது. நீங்கள் விடுவதாக இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு வாங்கப்போகிறவரிடம், அதில் துடைக்கிறவருக்கு எவ்வளவு, ஆள் வராத மாதத்தில் எவ்வளவு என்று கேட்டு, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.


பழைய விருந்தாளி எழுதியது:

விட்டுப்போன ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சேர்க்கிறேன். யாரை வீட்டுக்குள் விடுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை.

ஹார்வர்டைச் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள் ஐந்து அமெரிக்க நகரங்களில் ஏறத்தாழ 6,400 வீடுகளுக்கு, பெயரைத் தவிர மற்றெல்லாம் ஒன்றாக இருக்கும் ஏர்பிஎன்பி கணக்குகளிலிருந்து இடம் கேட்டு எழுதினார்கள். கறுப்பினத்தவர் பெயராகத் தெரிந்தவற்றுக்குச் சம்மதம் கிடைப்பது 16 விழுக்காடு குறைவாக இருந்தது. நம் ஊருக்கு இந்த ஆராய்ச்சி தேவையா என்ன? “சைவக் குடும்பங்களுக்கு மட்டும்” என்ற பலகையைப் படிக்கத் தெரிந்தால் போதாதா? கடைகள், உணவகங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றில் சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் காரணமாக எவரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. வரவேற்பு மேசையும் பெயர்ப் பலகையும் இல்லாத வீடு, பணம் வாங்கும்போது விடுதியாகவும், ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது “என் வீடு, என் விருப்பம்” என்றும் மாறிக்கொள்ள முடிகிறது. உங்கள் வீட்டில் அதைத் தேர்ந்தெடுக்கப்போவது நீங்கள்கூட இல்லை, அந்த மேலாளர்.

2004-இல் தொடங்கிய கவுச்சர்ஃபிங் என்ற தளத்தின் வழியாக, ஒரு பைசா கொடுக்காமல் அந்நியர் வீடுகளில் தங்கியும், அந்நியரைத் தங்க வைத்தும் பழகியவன் நான். அது 2011-இல் இலாப நிறுவனமாக மாறியது, 2020-இல் உள்ளே நுழையவே சந்தா கேட்டது. அதனால் “பகிர்வு” என்ற சொல்லை எங்கே கண்டாலும் எனக்கு இப்போது விலைச்சீட்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்று தேடத் தோன்றுகிறது.


கடலோர வீட்டுக்காரர் மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. “இரண்டு அறை” அம்மா கேட்டதற்கு முதலில் பதில்: ஒன்பது ஆண்டில் இரண்டே முறைதான் ஏற்றியிருக்கிறேன், இரண்டு முறையும் ஆயிரம் ரூபாய். கூச்சம் என்று அவர் எழுதியது சரியாகத்தான் இருக்கிறது.

சென்ற சனிக்கிழமை நேரில் போய் ஆசிரியையிடம் பேசினேன். வந்த யோசனையை மறைக்காமல் சொன்னேன். அவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. அந்த மேலாளர் வீட்டை அளவெடுத்துக்கொண்டு நின்றதை அவருடைய மகன் பார்த்திருக்கிறான். ஒரு மாதமாக நான் எப்போது சொல்வேன் என்று காத்துக்கொண்டிருந்தார்களாம். வாடகையை 17,000 ஆக்குவது என்றும், மகனின் மேற்படிப்பு முடிவாகும்வரை, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கு, ஒப்பந்தம் எழுதிக்கொள்வது என்றும் பேசி முடித்திருக்கிறோம். பூட்டிக் கிடக்கும் மேல் தளத்தைப் பற்றி “வரைபடம்” ஐயா எழுதியது தைத்தது. அதையும் மாத வாடகைக்கு விடப்போகிறேன். ஊருக்கு வந்தால் தங்குவதற்கு நாங்கள்தான் இனி “இரண்டு அறை” அம்மாவிடம் இடம் கேட்க வேண்டியிருக்கும்.

மேலாளரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் வருத்தப்படவில்லை. எங்கள் வடபுறத்து வீட்டுக்காரர் முந்தின நாளே சம்மதித்து முன்பணமும் வாங்கிவிட்டாராம். இதை ஆசிரியையிடம் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருக்கும் அந்தச் சுவரில் சாவிப் பெட்டியை மாட்ட விடாதீர்கள்.